ஆடுகளமும் அறப்பணியும்
(இருக்கன்குடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

தமிழில் குழந்தையையே பாட்டுடைத் தலைமையாகக் கொண்டு எழுந்த சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ். அதன் பருவங்கள் பத்து. காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டிற்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றே வேறுபடுவன. ஆண்பாலுக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என அமைவதும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என அமைவதும் பெருவழக்கு. தலையசைத்தும் கைகொட்டியும் தளர்நடை பயின்றும் வளர்ந்த குழந்தை அடுத்து எய்தும் நிலை யாது என்னும் வினாவிற்கு நம் புலவர்கள் கண்ட விடை விளையாட்டு என்பதே. சமய வேறுபாடின்றி எல்லாப் புலவரும் இம்முறையைப் போற்றினர். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இம்மரபின் வழியே சென்றனர். பத்துப் பருவங்களுள் எங்கும் தொழில் என்றொரு பருவம் இல்லை.

ஆயின் இறுதி மூன்று பருவங்களையும் இழந்த பிள்ளைகள் நம் மாநிலத்தின் தென்பகுதியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளனர். விருதுநகர் மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசு வட்டாரம் அது. அப்பிள்ளைகளுக்கு அவர்கள் இழந்ததை மீட்டளிக்கத் தகுதியுடையோர் யாவர்? கல்லூரிகளில் பயிலும் விளையாட்டு வீரர்களும் வீராங்கனைகளுமே அத்தகுதியுடையோர் என்பது நம் கருத்து. அவர்கள் வளாகத் தலைவர்களாக நின்று குழந்தை நலப்பணியை முன்னெடுத்தல் எவ்வாறு இயலும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருக்கன்குடியும் அதன் சூழலும்

சாத்தூரை அடுத்து, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் இருக்கன்குடி. இரு கங்கைகள் கூடும் குடி என்பதே இப்பெயராயிற்று என ஊரார் விளக்கம் கூறுவர். அங்குள்ள மாரியம்மன் கோயில் தென்மாவட்ட மக்களுக்கு நன்கு அறிமுகமானது. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பல ஊர்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே வந்து கூடுவர். பிள்ளை வரம் வேண்டுவோரும், பிள்ளையின் நோய் தீர வேண்டுவோரும் அக்கூட்டத்தில் பலர். எச்சமயத்தாராயினும் பெற்ற மனத்தின் வேண்டுதல் ஒன்றே. பிள்ளை நலமாக இருத்தல் வேண்டும் என்பதே அது.

அத்தகைய வேண்டுதல் நிகழும் மண்ணைச் சுற்றியே பிள்ளைகளின் கைகள் உழைப்பில் ஈடுபட்டிருந்தன. இம்மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேளாண்மை பொய்க்கும். 1923ஆம் ஆண்டையொட்டி, கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வறண்ட நிலத்தில் வாழ்வு தந்த தொழில்கள் இவை. அந்நன்றியை மறத்தல் கூடாது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிய சிற்றூர்கள் பலவற்றில் அடுப்பு எரிந்தது இத்தொழில்களால்தான்.

எனினும் தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், திரி வைத்தல், தாள் சுற்றுதல் முதலிய வேலைகளுக்குச் சிறு விரல்களே ஏற்றவை என்றொரு தவறான எண்ணம் அக்காலத்தில் நிலவியது. கூலியும் குறைவு, கேள்வி கேட்பாரும் இலர். விடியுமுன் வண்டி வந்து நிற்கும். உறக்கம் தெளியாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்லும். பொழுது சாய்ந்த பின்னரே திரும்பும். இந்நிலையை 1983ஆம் ஆண்டில் ஸ்மிது கோத்தாரியின் ஆய்வுக் கட்டுரை இந்திய அறிவுலகின் முன் வைத்தது. 1990ஆம் ஆண்டில் சலம் பென்னூர்க்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் அதனைக் காட்சியாக்கியது.

சட்டம் கடந்து வந்த பாதை

பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர்மிகு வேலையிலோ அமர்த்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு. அது நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலிருந்து 36 ஆண்டுகள் கழித்தே, 1986ஆம் ஆண்டில், குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் வழக்கறிஞர் எம். சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளின் பொருட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

அவ்வழக்கில் 10.12.1996 அன்று வழங்கப்பெற்ற தீர்ப்பு ஆழ்ந்து பயிலத்தக்கது. இடர்மிகு தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தருதல் வேண்டும், இயலாதாயின் தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்லுதல் வேண்டும் என்பன அதன் சாரம். இத்தீர்ப்பு குழந்தையைத் தனித்துப் பார்க்கவில்லை. குழந்தை ஈட்டி வந்த சிறு கூலி நின்றால் அவ்வீட்டின் உலை என்னாகும் என்றும் எண்ணிப் பார்த்தது. வறுமையைத் தொடாமல் குழந்தையை மட்டும் மீட்டல் இயலாது என்னும் இவ்வுண்மை, தொண்டு செய்யப் புகும் மாணவர் முதற்கண் கற்க வேண்டிய பாடமாகும்.

இம்மாவட்டமே ஈன்ற பெருந்தலைவர் காமராசர் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தார். பசித்த வயிறு பள்ளிக்கு வாராது என்று அறிந்தே 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எட்டயபுரம் இவ்வட்டாரத்திற்கு அண்மையது. 1982ஆம் ஆண்டின் சத்துணவுத் திட்டமும், 2022ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அவ்வழி வந்தவை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் ஆகாது என விதித்தது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரை வெடிபொருள் முதலிய இடர்மிகு தொழில்களில் அமர்த்தலாகாது எனவும் விதித்தது.

இன்று எஞ்சியிருப்பது

தொழிற்சாலைக் கூடத்தில் குழந்தைகள் வரிசையாய் அமர்ந்திருந்த காட்சி பெரிதும் மறைந்துவிட்டது. சட்டமும் கண்காணிப்பும் பள்ளிகளும் இயந்திரங்களும் பெற்றோரின் விழிப்புணர்வும் சேர்ந்து நிகழ்த்திய மாற்றம் அது. பழைய படத்தையே காட்டி இன்றும் அவ்வாறே உள்ளது என்று கூறுதல் அம்மக்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆயினும் வேலை முற்றும் முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கினை வைத்துள்ளது. இடர்மிகு தொழில் அல்லாத குடும்பத் தொழிலில் குழந்தை பெற்றோர்க்கு உதவலாம். ஆனால் அது பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறைக் காலத்திலோ இருத்தல் வேண்டும் என்பது அவ்விலக்கு. வெடிபொருள் சார்ந்த தொழில் வீட்டில் நடப்பினும் இவ்விலக்கிற்குள் அடங்காது. எனினும் ஒரு வீட்டின் திண்ணையில் தாய் அட்டைப்பெட்டி ஒட்டுகையில் மகள் அருகமர்ந்து கைகொடுத்தால் அதனைக் காண்பார் யார்? எந்த ஆய்வாளர் அங்கே வருவார்? மாலை நாலரை மணிக்குப் பள்ளி விடுகிறது. அதன்பின் உறங்கும் வரையுள்ள நான்கைந்து மணி நேரமும், ஏப்ரல், மே விடுமுறையும் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் எட்டாத பொழுதுகள். குழந்தையின் எதிர்காலம் பெரும்பாலும் அப்பொழுதுகளிலேயே முடிவாகிறது.

மற்றொன்று பத்தாம் வகுப்பை ஒட்டிய பருவம். கட்டாயக் கல்வி பதினான்கு வயதோடு முடிகிறது. இடர்மிகு தொழிலுக்கான தடையோ பதினெட்டு வரை நீள்கிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தேர்வில் தவறிய பிள்ளை செல்லுமிடம் எது? ஆணாயின் லாரியிலோ சுமைப்பணியிலோ சேர்கிறான். பெண்ணாயின் வீட்டில் அமர்கிறாள் அல்லது வயதைக் கூட்டிக் கூறி வேலைக்குச் செல்கிறாள்.

தொழிலின் நெருக்கடியையும் ஈண்டு எண்ணுதல் தகும். 23.10.2018 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. சூழல் நோக்கில் அதற்குக் காரணங்கள் உண்டு. ஆயின் வேலைநாள் குறையும்போது அச்சுமை முதலில் இறங்குவது பிள்ளையின் படிப்பின் மீதுதான். விபத்துகளோ வேறு. 5.9.2012 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாய்ந்தன. 12.2.2021 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதிற்கும் மேற்பட்டோர் மாய்ந்தனர். செய்தித்தாள்கள் இறந்தோரைக் கணக்கிடும். அவர்தம் பிள்ளைகளைக் கணக்கிடுவோர் குறைவு. தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைக்கு இழப்பீட்டுத் தொகை ஒருநாள் வந்து சேரலாம். அதன் மறுநாள் மாலைப் பொழுதில் அப்பிள்ளையோடு இருப்பவர் யார் என்பதே நம் வினா. யத்தீம்களை அரவணைத்தலை ஈமானின் அடையாளமாகப் போற்றும் சமுதாயத்தார் இவ்வினாவைக் கடந்து செல்லல் இயலாது.

விளையாட்டு வீரரை ஏன் நாட வேண்டும்?

தொண்டு செய்ய எல்லா மாணவரும் உரியர். இருப்பினும் விளையாட்டு வீரரைத் தனித்து அழைப்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதற்காரணம் கடன். ஓர் அணி வென்றதும் வளாக வாயிலில் சரவெடி வெடித்தல் நம் வழக்கமாக இருந்து வந்தது. அவ்வெடியின் திரியை முடிந்த கைகள் எவருடையவை என்று வென்றவர் எண்ணிப் பார்த்ததில்லை. உதைக்கும் பந்திற்கும் இதே கதை உண்டு. உலகின் கால்பந்துகளுள் பெரும்பகுதியைக் கையால் தைத்தளித்த பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் குழந்தைகளும் தையற்பணியில் இருந்தனர். அதனை ஒழிக்க 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், சியால்கோட் வணிகக் கழகம் ஆகியன அட்லாண்டா நகரில் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் நாட்டின் ஜலந்தர் நகரமும் இச்சிக்கலை எதிர்கொண்டது. ஆகவே ஆடுகளத்தின் மகிழ்ச்சிக்கும் குழந்தை உழைப்பிற்கும் இடையே ஒரு பழைய கணக்கு தீர்க்கப்படாமல் உள்ளது.

இரண்டாம் காரணம் கவர்ச்சி. அறிவுரை கூற வருபவரைக் கண்டால் பிள்ளைகள் விலகுவர். கையில் பந்தோடு வருபவரைக் கண்டால் அழைக்காமலே சூழ்வர். சென்னை வியாசர்பாடி இதற்குச் சான்று. 1990களின் பிற்பகுதியில் அப்பகுதிக் கால்பந்தாட்ட இளைஞர்கள், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் மாலை வகுப்பும் சேர்த்தே அளிக்கத் தொடங்கினர். பந்திற்காக வந்த பிள்ளைகள் பாடத்திற்கும் அமர்ந்தனர். சென்னையில் தெருவோரப் பிள்ளைகளுக்காகத் தொண்டாற்றும் கருணாலயா அமைப்பும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் லார்ட்ஸ் திடலில் முடிவுற்ற தெருவோரக் குழந்தைகளுக்கான உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் வாகை சூடிய தென்னிந்திய அணியில், மும்பையின் மேஜிக் பஸ் அமைப்புப் பிள்ளைகளோடு கருணாலயாவின் பிள்ளைகளும் ஆடினர். முகவரியற்றோர் எனப்பட்ட பிள்ளைகள் நாட்டின் முகவரியாயினர்.

மூன்றாம் காரணம் பழக்கம். இதுவே தலையாயது எனலாம். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை வாராத நாளில் ஒரு குறி இடப்படும். அக்குறி எவரையும் தேடிச் செல்லாது. ஓர் அணியிலோ, ஆட்டக்காரர் ஒருவர் வராவிடின் ஆட்டமே நிற்கும். ஏன் வரவில்லை என்று எவரேனும் ஒருவர் வீடு தேடிச் செல்வார். வராதவரைத் தேடும் இப்பழக்கம் விளையாட்டு வீரருக்கு இயல்பாய் அமைந்தது. குழந்தைத் தொழிலும் பள்ளி இடைநிற்றலும் ஒரே நாளில் நிகழ்வனவல்ல. முதலில் திங்கட்கிழமை வாராமை, பின்னர் வாரத்தில் இருநாள், பின்னர் முற்றிலும். அம்முதல் திங்கட்கிழமையில் வாயிலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் இருப்பின் பல பிள்ளைகள் தப்புவர்.

பிறநாட்டு வழிகாட்டுதல்கள்

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஸ்ரைவர் அம்மையார் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகத் தம் இல்லத் தோட்டத்திலேயே ஒரு கோடைக்கால விளையாட்டு முகாம் நடத்தினார். பள்ளி, கல்லூரி மாணவர்களே அதில் துணைவர்களாயினர். ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு ஒரு மாணவர் என்னும் அளவில் அவர்கள் பணியாற்றினர். அவ்விதையே 1968ஆம் ஆண்டில் சிக்காகோவில் சிறப்பு ஒலிம்பிக்காக முளைத்தது. நார்வே நாட்டுப் பனிச்சறுக்கு வேக ஓட்ட வீரர் யோகான் ஓலாவ் கோஸ் 1994ஆம் ஆண்டில் லில்லஹாமரில் மூன்று தங்கம் வென்றார். போரினால் நலிந்த குழந்தைகளுக்குத் தம் பரிசுத் தொகையை ஈந்து பிறரையும் ஈயத் தூண்டினார். பின்னர் விளையாட்டின் வழியே குழந்தைகளைப் பேணும் பன்னாட்டு அமைப்பொன்றையும் நிறுவினார்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய டீம் இம்பேக்ட் என்னும் அமைப்பின் முறை நம் கருத்திற்கு மிக அணுக்கமானது. கொடுநோயுற்ற குழந்தையைக் கல்லூரி அணியினர் வந்து பார்த்துச் செல்வதில்லை. அக்குழந்தையைத் தம் அணியின் உறுப்பினராகவே சேர்த்துக்கொள்கின்றனர். பயிற்சிக்கும் போட்டிக்கும் அக்குழந்தை அணியோடு வருகிறது. பார்வையாளராய் வருதல் வேறு. உறுப்பினராய் ஏற்றல் வேறு. பழம் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்பும் ஒருநாள் தொண்டிற்கும் மெய்யான தொண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் நாட்டிலும் சிறு தொடக்கங்கள் பெரும் பணியாக விரிந்துள்ளன. 1979ஆம் ஆண்டில் ரிப்பன் கபூர் என்னும் விமானப் பணியாளரும் நண்பர்கள் அறுவரும் 50 ரூபாய் கொண்டு தொடங்கியதே கிரை என்னும் குழந்தை உரிமை அமைப்பு. முதலீடு சிறிதாயினும் முறை ஒழுங்காயின் பணி நிலைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

பிரிந்து கிடக்கும் இரு பட்டியல்கள்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்னும் கருத்தே அதன் குறிக்கோள். ஒரு தொண்டர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதோடு ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்றல் வேண்டும்.

நம் கல்லூரிகள் பலவற்றில் பகுதி ஐந்தின்கீழ் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, உடற்கல்வி முதலியவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்ளும் முறை உள்ளது. ஆளுக்கு ஒன்று என்பது நிருவாகத்திற்கு எளிது. ஆயின் அதன் விளைவு யாது? விளையாட்டு வீரர் தொண்டர் பட்டியலில் இல்லை. தொண்டர் ஆடுகளத்தில் இல்லை. பந்து ஒரு பட்டியலிலும் பிள்ளை மறு பட்டியலிலும் இருப்பின் இரண்டும் சேருவது எவ்வாறு? திட்ட அலுவலரும் உடற்கல்வி இயக்குநரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினாலே இப்பிரிவு நீங்கும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பல்கலைக்கழக விதியை மாற்றவும் வேண்டா.

ஒப்புரவும் ஈகையும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. ஈகையாவது இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. அதில் கை இரண்டு. ஒன்று மேல், ஒன்று கீழ். ஒப்புரவாவது உலக நடையறிந்து, சமுதாயத்தில் தாமும் ஓர் உறுப்பு என்றுணர்ந்து, கைம்மாறு கருதாது செய்வது. அதில் மேல் கீழ் இல்லை. மாணவர் செய்யத்தக்கது ஒப்புரவே. மாணவரிடம் ஈவதற்குப் பொருள் இல்லை. பகிர்வதற்கு மாலைப் பொழுதும் உடல் வலிமையும் உண்டு.

இசுலாமிய மார்க்கமும் இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது. ஜகாத் கடமை, அதற்கு அளவுண்டு, பெறத்தக்கோர் எண்வகையினர் என்னும் வரையறையும் உண்டு. ஸதகாவிற்கோ அவ்வெல்லை இல்லை. பொருளால் மட்டுமன்றி உடலுழைப்பாலும் இன்சொல்லாலும் செய்வதும் ஸதகாவே என மார்க்க அறிஞர் விளக்குவர். அதனைப் பெறுவோரிடம் சமயம் பார்த்தல் வேண்டா. ஆகவே ஜமாஅத் பெரியோர்க்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் தெளிவானது. வலையும் பந்தும் வாங்க ஸதகா நிதியை அளியுங்கள். மாணவர் தம் பங்கிற்கு உழைப்பை அளிப்பர். இருக்கன்குடிப் பிள்ளையொன்று அதனால் பள்ளியில் நிலைக்குமாயின், அப்பிள்ளை எவ்வழிபாட்டிடத்தில் கைகூப்பினும் நன்மை நன்மையே.

வளாகத் தலைவரின் கடமைகள்

கருத்து செயலாதல் வேண்டின் அளவும் முறையும் வேண்டும். ஒரு கல்லூரியிலிருந்து பதின்மர், அவருள் ஐவர் பெண்கள், வளாகத் தலைவர்களாகட்டும். ஒவ்வொருவரும் ஐந்து பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்பின் ஐம்பது பிள்ளைகள் ஆவர். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் என்று கொண்டால் நாற்பது வாரங்களில் 80 மணி நேரம். ஆண்டிற்குரிய 120 மணி நேரத்தில் எஞ்சிய நாற்பதை விடுமுறைக்கு ஒதுக்கலாம். அவர்தம் கடமைகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரின் இசைவைப் பெற்ற பின்னரே சிற்றூருக்குள் செல்லுதல் வேண்டும். இசைவின்றிச் செய்யும் நன்மை ஐயத்தை விளைவிக்கும்.

2. ஆட்டத்தைப் பள்ளி வளாகத்திலேயே நடத்துதல் வேண்டும். பள்ளி நுழைவே ஆட்டத்தின் நுழைவாதல் வேண்டும். ஆற்று மணலும் நீர்த்தேக்கக் கரையும் பரந்து கிடப்பினும், நீர் வரவு அறியாத இடங்களில் பிள்ளைகளை ஆடவிடுதல் தகாது.

3. முதல் ஒரு மணி நேரம் கபடி, கைப்பந்து, வளைகோற்பந்து முதலியன. அடுத்த ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும். அண்மையிலுள்ள கோவில்பட்டி வளைகோற்பந்திற்குப் பெயர் பெற்றது. தீப்பெட்டித் தொழில் சூழ்ந்த ஊரே வீரர்களையும் ஈன்றது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நன்று.

4. பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பொழுது ஒதுக்குதல் வேண்டும். தண்ணீர் எடுத்தல், தம்பி தங்கையரைப் பார்த்தல், ஒட்டுவேலை ஆகியன அவர்களின் மாலையை உண்கின்றன. தாயரோடு பேசி அம்மாலையில் ஒரு மணி நேரத்தைப் பெறுதல் வீராங்கனைகளுக்கே கைகூடும். தன் மகளைப் போன்றவள் ஒருத்தி பல்கலைக்கழக அணியின் சீருடையோடு வாயிலில் நின்று பேசினால், பல சொற்பொழிவுகள் செய்யாததை அக்காட்சி செய்யும்.

5. வாராத பிள்ளையின் பெயரை அன்றே குறித்து, மறுநாளுக்குள் வீட்டிற்குச் சென்று காரணம் அறிதல் வேண்டும். நோயாயின் மருத்துவம், கட்டணம், சீருடை முதலிய இடர்ப்பாடாயின் தலைமையாசிரியர் வழியே அரசு உதவி, வேலையாயின் பொறுமையோடு பேசுதல். இடர்மிகு வேலையென உறுதியாயின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிற்கு அறிவித்தல் வேண்டும். மாணவர் தாமே காவலராய் மாறுதல் கூடாது.

6. ஏப்ரல், மே மாதங்களில் ஏழு நாள் சிறப்பு முகாமை அமைத்தல் வேண்டும். கல்லூரிக்கும் அது விடுமுறைக் காலம் என்பது உண்மையே. ஆயினும் பிள்ளை வேலைக்குள் நுழையும் வாயில் அவ்விடுமுறைதான். அங்கே காவல் இல்லையெனில் மற்ற பத்து மாத உழைப்பும் வீணாகலாம்.

7. மூன்றாமாண்டு மாணவர் விடைபெறும் முன் முதலாமாண்டு மாணவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துதல் வேண்டும். தலைவர் மாறினும் முகம் அறிந்த ஒருவர் எப்போதும் இருத்தல் இன்றியமையாதது.

தவிர்க்கத்தக்கன

தொண்டிலும் தீமை விளைதல் உண்டு. பிள்ளைகளைத் 'தொழிலாளப் பிள்ளை' என்று மேடையில் நிறுத்தி அறிமுகப்படுத்துதல் அவர்தம் மானத்திற்கு ஊறு செய்யும். முகம் தெரியப் படம் பிடித்துப் பரப்புதலும் அவ்வாறே. தனியொரு மாணவர் தனியொரு பிள்ளையோடு மறைவிடத்தில் இருத்தல் கூடாது; எப்போதும் இருவர் உடனிருத்தல் முறை. இது பிள்ளைக்கும் காப்பு, மாணவர்க்கும் காப்பு. பெற்றோரைக் குற்றவாளிகளாய்ப் பேசுதல் தகாது. மழையும் விலைவாசியும் அறிந்தோர் அவ்வாறு பேசார். தொகை திரட்டினால் ஒவ்வோர் உருபாய்க்கும் கணக்கெழுதிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வெளியிடுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது பாதியில் கைவிடுதல். போட்டிக் காலம் வந்தது, தேர்வு வந்தது என்று மாணவர் மூன்று வாரம் தொடர்ந்து செல்லாதிருப்பின், தன்னை விட்டுச் சென்றோர் பட்டியலில் அப்பிள்ளை இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். செய்ய இயலாததை ஏலாமை அறமே. ஏற்றபின் விடுதல் அறமன்று.

இத்தொண்டினால் வறுமை ஒழிந்துவிடுமா என வினவுவோர் உளர். ஒழியாது. கூலி உயர்வும், பாதுகாப்பான தொழிற்கூடமும், மாற்றுத் தொழிலும் அரசும் தொழில் நடத்துவோரும் செய்யத்தக்கன. பேரியம் தடையாலும் விபத்தாலும் அலைக்கழியும் குடும்பத்தின் சுமையைப் பத்து மாணவர் இறக்கிவிட இயலாது. அச்சுமை பிள்ளையின் தோளுக்கு மாறும் அந்த நொடியில் ஒருவர் உடனிருத்தல் இயலும். அவ்வளவே நாம் கேட்பது. அதுவும் சிறிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். தீப்பெட்டி, பட்டாசு வட்டாரத்தில் குழந்தை உழைப்பு பெரிதும் குறைந்துள்ளது. எஞ்சியது பள்ளி விட்ட மாலையிலும் கோடை விடுமுறையிலும் பதினான்கிற்குப் பிந்தைய பருவத்திலும் மறைந்துள்ளது. அப்பொழுதுகளை நிரப்ப ஏற்றது விளையாட்டு. நிரப்ப உரியவர் விளையாட்டு மாணவர். தொண்டர் பட்டியலையும் வீரர் பட்டியலையும் கல்லூரிகள் இணைத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் பொருளால் துணைநிற்றல் வேண்டும்.

மாணவ மணிகளே! நீவிர் வென்று வந்த கோப்பைகள் முதல்வர் அறைக் கண்ணாடிப் பேழையில் உள்ளன. அவற்றுள் எதற்கும் வயது ஏறுவதில்லை. எதுவும் உம்மைப் பெயர் சொல்லி அழைப்பதுமில்லை. வைப்பாற்றங்கரைப் பள்ளியொன்றில் ஐந்து பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாயிலை நோக்கி நிற்பராயின், அவர்கள் எதிர்பார்ப்பது உம்மையும் உம் கையிலுள்ள பந்தையுமே. காலந்தாழ்த்தாது செல்வீராக.